பிரிக்காமல் வந்த பார்சல்

சென்ற வாரம் ஒரு நாள் காலையில் வளைகுடா நாட்டுப் புஜைராவிலிருந்து பிரின்ஸ் போன் செய்தார். நான் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய கேம்ப் கிளினிக்கில் இப்போது நர்ஸாக இருப்பவர். நேரில் பார்த்ததில்லை, பழைய ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஏற்பட்ட பழக்கம். கிளினிக்குக்கு இப்போது டாக்டர் வருவதில்லையாம். சுவரில் ஒரு திரை மாட்டி, அதற்குள்ளிருந்து ஒருவர் ஆளுக்கு நாலு நிமிடம் பார்க்கிறாராம். முந்தின நாள் ஒரு தொழிலாளி பிரின்ஸிடம் வந்து, வலி மாத்திரை இல்லாமல் தன்னால் ஒரு நாளும் இருக்க முடியவில்லை, எப்படியாவது இதிலிருந்து என்னை வெளியே எடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இதைத் திரையில் இருக்கிற டாக்டரிடம் சொல்லலாமா, சொன்னால் அந்த ஆளுக்கு ஆபத்தாகிவிடுமா என்று பிரின்ஸுக்குப் பயம்.

"உங்க காலத்துல இப்படி ஒரு கேஸ் உண்டும்னு சொன்னாவ. நீங்க என்ன செஞ்சிய பிரதர்?" என்றார்.

சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நாங்கள் செய்ததைச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. நான் செய்யாமல் விட்டதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் நர்ஸிங் டிப்ளமா, பரமக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம், பிறகு ஏஜென்ட், விசா, விமானம். வளைகுடாவில் ஆண் நர்ஸைப் பிரதர் என்பார்கள். கேம்பில் அதுவே என் பெயராகிவிட்டது. சண்முகம் என்று என்னைக் கூப்பிட்டது சம்பளச் சீட்டு மட்டும்தான். எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கேம்ப் அது. கிளினிக் என்பது ஒரு போர்ட்டா கேபின், அதாவது தூக்கி வைத்த தகர அறை. ஒரு கட்டில், ஒரு பிரிட்ஜ், இரட்டைப் பூட்டுப் போட்ட ஒரு சின்ன அலமாரி. வெயில் மயக்கம், கண்ணில் விழுந்த இரும்புத் தூசி, இவற்றை விட்டால் முதுகுவலி. சாரம் கட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் குழாய் தூக்குகிறவர்கள், அவர்களுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? ஒரு களிம்பும் இரண்டு சாதாரண மாத்திரையும் கொடுத்து, டூட்டிக்குப் போகலாம் என்று எழுதி அனுப்பிவிடுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். என் சீட்டைப் பார்த்துக் கேம்ப் பாஸ் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

டாக்டர் உஸ்மான் சூடான்காரர். வாரத்தில் மூன்று நாள் வருவார். உள்ளே நுழைந்ததும் கை கழுவுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியை உட்காரச் சொல்வார், அவர் உட்கார்ந்த பிறகே தாம் உட்காருவார். தொழிலாளிகளுக்கு அது பழக்கமில்லாத மரியாதை. பாதிப் பேர் எழுந்து எழுந்து நிற்பார்கள். அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று 'உக்காரு'. பெரியவர்களிடம் 'ங்க' சேர்க்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் இருபது வயதுப் பையனுக்கும் 'உக்காருங்க'தான்.

இரட்டைப் பூட்டு அலமாரியில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கான கடுமையான வலி ஊசி இருக்கும். ஒன்றை எடுத்தால் நோட்டில் இரண்டு கையெழுத்து, போட்ட நேரம், உடைந்த கண்ணாடிக் குப்பியைக் காட்டிவிட்டுக் குப்பையில் போட வேண்டும். சனிக்கிழமைதோறும் அந்த நோட்டை வரி வரியாகப் பார்ப்பார். யாரும் கேட்கப் போவதில்லையே டாக்டர் என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். நான் கேட்கிறேனே என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, ஆனால் அவர் முன்னால் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இனி பார்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லீவில் ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும்போது பெட்டியில் பாதி அடுத்தவர் சாமானாக இருக்கும். ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு, சாமி விபூதி, யாருடைய அம்மாவோ தைத்த தலையணை உறை. அந்தப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பிரித்தால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதற்கு மேல் அந்த மனிதரோடு ஒரே தட்டில் சாப்பிட முடியாது. நான் மட்டும் பிரித்துப் பார்ப்பேன். நர்ஸ் என்பதால் மருந்து ஏதாவது இருந்தால் வம்பு என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதற்காகக் கேம்பில் எனக்குக் 'கஸ்டம்ஸ்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு.

ஒரு லீவில் நான் பரமக்குடியில் இருந்தபோது பாண்டியம்மாள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். கமுதிப் பக்கம் ஒரு கிராமம். அவள் புருஷன் முனியசாமி எங்கள் கேம்பில் சாரம் கட்டுகிறவர், ஒன்பது வருட சர்வீஸ், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். அவள் கொண்டுவந்த பையை அவள் கண் முன்னாலேயே பிரித்தேன். பொடி டப்பாவுக்குள் கையை விட்டால் பாலித்தீன் தாளில் சுற்றிய மாத்திரை அட்டைகள். டிரமடால் என்ற கடுமையான வலி மாத்திரை. அந்த நாட்டில் அனுமதி இல்லாமல் ஒரு அட்டை வைத்திருந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அவள் அதை ஒளித்து வைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பொடிக்குள் வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக, யார் லீவில் வந்தாலும் அவர் கையில் இப்படித்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். முதுகுவலி மாத்திரை என்று அவர் போனில் சொன்னார், அவருக்கு அது இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாதாம் என்றாள். நான் விளக்கிச் சொன்னேன். முதலில் சிறைக்குப் போகிற விஷயத்தையும் பிறகு மாத்திரை ஆளைப் பிடித்துக்கொள்கிற விஷயத்தையும் சொன்னேன்.

"நல்லதுன்னுதானண்ணே அனுப்புனேன்" என்றாள்.

இனிமேல் அனுப்பாதே என்று சொல்லி, மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பொடியை மட்டும் கொண்டுபோனேன்.

நான் கேம்பில் இறங்கிய அன்றே முனியசாமி வந்தார். டப்பாவைத் திறந்து விரலை விட்டுத் துழாவினார். என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கெஞ்சினார். பிறகு ஏசினார். பிறகு கதவை அறைந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை டாக்டர் இருக்கும்போது தாமாகவே வந்து நின்றார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிகிறது, ஓயாமல் கொட்டாவி, ஏசி காற்றில் உடம்பெல்லாம் வியர்வை, கைமயிர் குத்திட்டு நிற்கிறது. டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் உட்கார்ந்தார். ஏன் சாப்பிட்டாய், யார் கொடுத்தது என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் கேட்டார். முனியசாமி விரலைக் காட்டினார். இரண்டு கை விரலும் போதவில்லை. அத்தனையையும் போட்டுக்கொண்டு இந்த மனிதர் தொட்டி உச்சியில் நின்று குழாய் பூட்டியிருக்கிறார். கீழே நான் டூட்டிக்குப் போகலாம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதை விட்டுறணும் டாக்டர். மககிட்டப் பேசுனா நாக்கு குழறுது. அவ போனை வச்சுட்டுப் போயிர்றா" என்றார் முனியசாமி.

டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இங்கே ஒரு வழி இருக்கிறது. பிடிபடுவதற்கு முன்னால் தானாகப் போய்ச் சிகிச்சை கேட்கிறவன் நோயாளி. அவன் மேல் வழக்கு இல்லை. பிடிபட்ட பிறகு அந்த வழி கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. டாக்டர் தமக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தினமும் போன் செய்தார். படுக்கை காலியாகப் பதினாறு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை எங்கள் போர்ட்டா கேபின்தான் ஆஸ்பத்திரி. வாந்திக்கு, வயிற்றுப்போக்குக்கு, நடுக்கத்துக்கு என்று தனித்தனியாக மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி, கண்மணியின் அளவு, வியர்வை, கொட்டாவி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். உயரத்தில் ஏறக் கூடாது என்று கம்பெனிக்கு ஒரு சீட்டு. காரணம் என்ற கட்டத்தில் முதுகுவலி என்று எழுதினார். அவர் எழுதிய அந்த ஒரு பாதிப் பொய்யையும் எழுதி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

இன்னொன்றும் சொன்னார். மாத்திரையை நிறுத்தியபின் உடம்பு பழைய அளவை மறந்துவிடும். பிறகு எப்போதாவது பழைய அளவில் போட்டால் ஆள் போய்விடுவான். இதை அவனுக்கும் வீட்டுக்கும் சொல் என்றார். முனியசாமிக்குச் சொன்னேன். நடுங்கிக்கொண்டே தலையாட்டினார்.

கடைசியாக டாக்டர் கேட்டது, அவன் ரூமில் யாராவது இப்போது லீவில் இருக்கிறார்களா என்பது. யோசித்துப் பார்த்துவிட்டு, ரூமில் ஒருவரும் இல்லை என்றேன். அது உண்மைதான்.

ரூமில் இல்லை. ஆனால் ஜமால் காக்கா லீவில் இருந்தார். கீழக்கரைக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கேம்ப் வாசலில் பக்காலா, அதாவது மளிகைக் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தினமும் சாயங்காலம் அவர் கடை வாசலில்தான் எனக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ. ஊரிலிருந்து ஒருநாள் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கருவாடு என்றேன். கமுதியிலிருந்து பாண்டியம்மாள் பஸ் ஏறிக் கீழக்கரைக்கு வந்துவிடுகிற தூரம்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றவும் செய்தது. ஆனால் காக்காவின் கடை வாசலில் விழுந்த பேச்சு மறுநாள் கேம்ப் முழுக்கப் பரவும். நோயாளியின் ரகசியத்தைக் காக்கிற நர்ஸ் என்று என் மேல் எனக்கே ஒரு பெருமை. பெயரைச் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை யார் எது கொடுத்தாலும் பிரித்துப் பாருங்கள் காக்கா என்றால் முடிந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. கருவாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முனியசாமி பதினாறு நாளைத் தாண்டினார். முதல் ஐந்து நாள் நரகம். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாந்திக்கு நடுவில் என்னிடம் மன்னிப்புக் கேட்பார். எட்டாம் நாள் ஒரு தட்டு கஞ்சி குடித்தார். பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினார். எழுந்து, கனவு வந்தது பிரதர் என்று ஏதோ அதிசயம்போலச் சொன்னார். உடம்பின் பாடு முடிந்தது, இனிமேல்தான் பெரிய பாடு, அதற்குத்தான் ஆஸ்பத்திரி என்றார் டாக்டர். திங்கட்கிழமை சேர்க்க வேண்டும். அன்று காலை முனியசாமி முகம் மழித்து, சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு பையோடு கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் கடிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறீர்களே என்று நான் கேலி செய்தேன். அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அப்போதுதான் காக்காவின் மச்சான் ரஹ்மத்துல்லா கதவைத் திறந்துகொண்டு வந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஏர்போர்ட்டில் காக்காவைப் பிடித்துவிட்டார்களாம். யாரோ கொடுத்த பொட்டலத்தில் மாத்திரை இருந்ததாம். யார் கொடுத்தது என்று ரஹ்மத்துல்லாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

முனியசாமி பையைக் கீழே வைத்தார்.

"அது எனக்கு வந்தது" என்றார்.

மூன்றாம் நாள், உடம்பு முறுக்கிய நேரத்தில், மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். கடைசியாக ஒரே ஒரு அட்டை என்று அழுதிருக்கிறார். அவள் முடியாது என்றாள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். அழுகிற முகத்தை வீடியோவில் பார்த்தபிறகு முடியவில்லை. ஜமால் காக்கா கீழக்கரையில் இருக்கிறார் என்று கேட்டறிந்து பொடி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தூங்கி எழுந்த பத்தாம் நாள் இவரே கூப்பிட்டு, வேண்டாம், அனுப்பாதே என்றார். அவள் பதறிப்போய்க் காக்காவுக்குப் போன் போட்டாள். ஆனால் என்னவென்று சொல்லுவாள்? புருஷன் மானம் போகுமே. பொடி கெட்டுப்போச்சு, அதை எடுத்து வெளியே போட்டுருங்கண்ணே என்றாள். காக்கா சிரித்தாராம். உன் கையால அரைச்சது கெட்டாலும் அவன் திம்பான் தங்கச்சி, கட்டுன பொட்டலத்தை நான் பிரிக்க மாட்டேன் என்றாராம். கேபினிலிருந்து முனியசாமி போன் போட்ட பிறகுதான் அவள் இதைச் சொன்னாள்.

ரஹ்மத்துல்லா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் தமக்குத் தெரிந்த ஒரு வக்கீலைக் கூப்பிட்டார். பேசி முடித்தபின் முனியசாமிக்கு எல்லாவற்றையும் நேராகச் சொல்லச் சொன்னார், ஒரு சொல்லையும் மென்மையாக்காமல். ஆஸ்பத்திரிக்குப் போனால் நீ நோயாளி. போலீசுக்குப் போனால் மருந்து வரவழைத்த குற்றவாளி. அதற்கு அந்தச் சிகிச்சை வழி செல்லாது. நீ போனாலும் ஜமாலை உடனே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை, பொட்டலம் அவர் கையில் இருந்தது. நீ போகாவிட்டால் அவர் சொல்லுக்குத் துணை யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டுப் பிறகு போகலாமா என்று முனியசாமி கேட்டார். இன்றே அவரை வழக்குத் தொடுக்கிற அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள், பிறகு என்பது தாமதமாகிவிடும் என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னேன்.

டாக்டர் தாம் எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். ரஹ்மத்துல்லா முன்னாலேயே சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முனியசாமி அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம சாமானைத் தூக்கிட்டு வந்த மனுசன் பிரதர். அவரை உள்ள விட்டுட்டு எனக்கு எப்படிக் குணமாகும்?" என்றார்.

நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயது. மரியாதையாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார். போன், பெல்ட், ஐடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். டாக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவரை ஏன் இங்கே கூட்டி வந்தீர்கள்? பிறகு அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். முனியசாமி திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார். டூட்டிக்குப் போகிறவர் மாதிரி சாதாரணமாகத்தான் போனார்.

ஜமால் காக்காவை விடுவிக்க மாதக்கணக்கில் ஆனது. விட்ட கையோடு ஊருக்குப் போய்விட்டார். கடை கைமாறியது. ஒருமுறை போனில் கிடைத்தார்.

"கருவாடு கேட்டியளே பிரதர். அப்பவே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

முனியசாமிக்குத் தண்டனை, அது முடிந்ததும் நாடு கடத்தல். அதற்குள் நானும் வேலையை முடித்துக்கொண்டு பரமக்குடிக்கு வந்துவிட்டேன். ஊர் திரும்பிய சில வாரத்தில் அவர் கூப்பிட்டார். உள்ளே இருந்த காலமெல்லாம் ஒரு மாத்திரை தொடவில்லை என்றார். ஆனால் முதுகு பழைய முதுகுதானே. மெடிக்கல் கடையைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நிற்கிறது, இன்னும் தொடவில்லை, தொடுவதற்குள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விசாரித்தேன். மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, என்ன கிழமையில் போக வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். நடுவில் என் அக்கா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. நாலாம் நாள்தான் போன் செய்தேன். பாண்டியம்மாள் எடுத்தாள். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டில் அட்டைகள் கிடந்தனவாம்.

"முன்னாடி போடுற அளவுதாண்ணே போட்டிருக்காரு. ஒண்ணுகூடச் சேத்துப் போடலையே. எப்படிண்ணே?" என்று கேட்டாள்.

எப்படி என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கும் சொல் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பதினாறு நாளில் ஒருமுறைகூட நான் அவளைக் கூப்பிட்டதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, என் எதிரில் கிடந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

பிரின்ஸிடம் சாயங்காலம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை, மத்தியானமே கூப்பிட்டேன். சட்டத்தில் இருக்கிற வழி, டாக்டர் உஸ்மானின் நம்பர், அந்த ஆளின் மனைவியிடம் இன்றே சொல்ல வேண்டியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"இப்போ லீவில யார் யார் இருக்காங்க? அவரு ரூம்ல மட்டும் இல்ல. கேம்ப்ல, மெஸ்ஸுல, கடையில, எல்லாரையும் சேத்துச் சொல்லுங்க."

யோசித்து மூன்று பேர் என்றார்.

"நம்பர் இருக்கா? யாரு எது குடுத்தாலும் பிரிச்சுப் பாக்கச் சொல்லணும்."

இருக்கிறது, டூட்டி முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"வேண்டாம் பிரின்ஸ். இப்பவே ஒவ்வொருத்தரா கான்ஃபரன்ஸ்ல போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.